தொண்டு செய்பவர் யார்?

வைத்திய மாணவர் கிராமத்துக்கு வந்தால் நாம் பதாகை கட்டி மாலை போடுகிறோம். அவர்களும் நூறு பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்து, படம் பிடித்துக்கொண்டு, பொழுது சாய முன்னரே பஸ் ஏறிவிடுகின்றனர். இதனைத் தொண்டு என்பதை நாம் மறுக்கிறோம்.

இங்கே கடன்காரர் யார், கடன் கொடுத்தவர் யார் என்று முதலில் தீர்ப்போம். 1945ஆம் ஆண்டு கன்னங்கரா கொண்டுவந்த திட்டத்தை 'இலவசக் கல்வி' என்கிறோம். ஆனால், கமக்காரன் வாங்கும் சீனியிலும் சவர்க்காரத்திலும் அதற்கான வரி இருக்கிறது. அம்மட்டோ? மாணவன் முதன்முதல் ஊசி ஏற்றிப் பழகுவது யாருடைய கையில்? அரசாங்க ஆஸ்பத்திரியிற் கிடக்கும் ஏழையின் கையிலன்றோ! நோயாளியே ஆசிரியன், அவனுக்குச் சம்பளம் கிடையாது.

ஆகவே மாணவர் நோயாளியிடம் கற்கப் போகட்டும். பரீட்சைக்காக வாட்டைச் சுற்றுவது வேறு. புள்ளியும் கையொப்பமும் எதிர்பாராமல் கட்டிலருகே இருப்பது வேறு. 1990களில் வட மத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட, காரணம் இன்னும் முடிவாகாத சிறுநீரக நோய் வவுனியாக் கமக்காரரையும் தொட்டது. இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்தோடு பிணைக்கப்பட்டு ஏறக்குறைய நான்கு மணி நேரம் கிடப்பவன் பேசுவான். முதற் பஸ்ஸைப் பிடிக்க எத்தனை மணிக்கு எழுந்தான், அறுவடைக் கூலிக்கு எந்த நகையை அடைவு வைத்தான், சென்ற கிழமை ஏன் வரவில்லை என்பதெல்லாம் அப்போது வெளிவரும். வராதவனை 'ஒழுங்கற்ற நோயாளி' என்று அட்டையில் எழுதிய கை அடுத்தமுறை சற்றுத் தயங்கும். 'சாப்பாட்டின் பின் மூன்று வேளை' என்று மருந்து எழுதுபவர், அந்த வீட்டில் அடுப்பு எரிவது இரண்டு வேளை என்பதையும் அங்கேதான் அறிவார்.

மொழியும் அங்கேதான் வாய்க்கும். ஆங்கிலத்தில் வைத்தியம் கற்ற நம் பிள்ளைக்கே 'நாரிப்பிடிப்பு', 'உளைவு', 'தொய்வு' என்பன சில வேளை புதினமாயிருக்கின்றன. யாழ்ப்பாண வைத்திய பீடத்திற் பயிலும் சிங்கள மாணவர் ஒருவர் ஒரு கிழவியின் பக்கத்திலிருந்து இச்சொற்களைக் கற்பாராயின், தமிழை அரசகரும மொழியாக்கிய 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் அந்தக் கட்டிலளவிலேனும் நடைமுறைக்கு வந்துவிடும். கொழும்புக் காரியாலயங்களில் அது இன்னும் கடுதாசியிலேயே கிடக்கிறது.

இது புதிய யோசனையன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். கற்றவர்கள் உத்தியோகம் தேடி வெளியேறினர். ஊரோடு தங்கும் வைத்தியரை விரும்பிய அவர் தமிழுக்கு மாறினார். 'இரணவைத்தியம்', 'கெமிஸ்தம்' முதலிய நூல்கள் அச்சேறின. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் கற்றவர் வெளியேறுகின்றனர். இம்முறை கடல் கடந்து.

பீடத்தினரிடம் நாம் கேட்பது பெரிதன்று. ஒருநாள் முகாம்களை விட்டுவிடுங்கள். விடுமுறைதோறும் இரண்டு கிழமை, மாணவரை வன்னியின் சிறிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புங்கள். வெள்ளை அங்கி வேண்டாம். நோயாளியின் தள்ளுவண்டியைத் தள்ளட்டும், துண்டை வாசித்துக் காட்டட்டும், கிளினிக் வரிசையில் அவனோடு நிற்கட்டும். கிராமச் சங்கங்கள் படுக்க இடமும் சோறும் கொடுக்கும். மாலை மட்டும் போடமாட்டா.