வறட்சியை எப்போது அளப்பது?

மழை பொய்த்தது இறைவன் சித்தம் என்று கைகழுவுவோர்க்கு ஒன்று சொல்வேன். 2017 சனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன; கருகிய நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் என்றார்கள். நிவாரணம் வேண்டியதே. ஆனால் பயிர் மடிந்தபின் அளப்பது இழவுக் கணக்கு.

இராசபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் மேற்கே மலை நிற்கிறது. அங்குப் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கிக் கண்மாய்களை நிரப்ப வேண்டும். வரத்துக்கால் தூர்ந்து, உள்ளே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தால் நல்ல மழையும் வீணே. ஆகவே, கண்மாய் பெருகும் ஆண்டிலேயே மடையையும் கொள்ளளவையும் கிணற்று நீர்மட்டத்தையும் ஊர்தோறும் கணக்கெடுங்கள். குறை கண்ட இடத்தை அக்கோடையிலேயே செப்பனிடுங்கள்.

எகிப்தில் யோசேப்பு தானியம் சேர்த்தது விளைச்சல் பெருகிய ஏழு ஆண்டுகளில். மழைக்காக மன்றாடும் நாம் மண்வெட்டியும் எடுப்போம். கண்மாயைத் தூரவிட்டு வானத்தைப் பழிப்பது பொய்ச்சாட்சி.