பளபளப்பு வேறு, உழைப்பு வேறு

"பிரெஞ்சு பாலிஷ்" என்ற பெயரைக் கேட்டாலே நம் புதுவைக்காரர்களுக்கு ஒரு மயக்கம். வாசல் கதவோ, ஊஞ்சல் பலகையோ, எதுவானாலும் "பிரெஞ்சு பாலிஷ் போட்டுடுங்க, காலத்துக்கும் இருக்கும்" என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுவார்கள். என் பேரன் தன் கைக்காசில் ப்ளைவுட் வாங்கி, ஆள் உயரத்துக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி செய்திருக்கிறான். 1980இல் ஜப்பானில் பிறந்த பாக்மேன் ஆட்டத்தை நின்றுகொண்டே ஆடுவோமே, அந்த மாதிரிப் பெட்டி. அதற்கும் இதே யோசனைதான் வருகிறது. வருகிறவர்கள் எல்லோரும் என் வயதுக்காரர்கள் என்பதால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தப் பெயர். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பிரெஞ்சுக்காரன் இதைத் தன் நாட்டின் பெயரால் அழைப்பதில்லை. "வெர்னி ஓ தம்போன்" என்பான். துணியில் சுற்றிய பஞ்சால் தேய்த்து ஏற்றும் மெருகு என்று அர்த்தம். நாட்டின் பெயரை ஒட்டவைத்தது ஆங்கிலம். சரக்கோ நம்முடையது. ஜார்கண்ட், சத்தீஸ்கர் காடுகளில் அரக்குப் பூச்சி மரக்கிளைகளில் கக்கும் பிசின்தான் அவலரக்கு. அதை ஸ்பிரிட்டில் கரைத்துத் தேய்க்கிறோம். அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் ஈர டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். சூட்டில் இளகும். ஸ்பிரிட்டில் கரைந்தது மறுபடியும் ஸ்பிரிட் பட்டால் கரையத்தான் செய்யும். வியர்த்த கையோடு நாலு பிள்ளைகள் மணிக்கணக்கில் அழுத்திப் பிடிக்கப்போகும் பலகைக்கா இது?

அடுத்த கட்சி "எனாமல் அடி, போதும்" என்கிறது. எனாமல் ஒரு நாளில் தொட்டால் ஒட்டாது, உண்மைதான். ஆனால் உள்வரை இறுகச் சில வாரங்கள் பிடிக்கும். நம்மூர்க் கடற்காற்றில் இன்னும் தாமதமாகும். அதற்குள் பொத்தான்களைத் திருகி இறுக்கினால், ஓட்டையைச் சுற்றிப் பெயிண்ட் நசுங்கி, செதில் செதிலாக வரும்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க மேசையில் கோப்பு புரட்டியவன் நான். எந்த மேசையும் நடுவில் தேய்ந்து பார்த்ததில்லை. தேய்வது முன் விளிம்பு, மணிக்கட்டு படும் இடம். நடுவில் பாலிஷ் புதுசு போல மின்னும், விளிம்பில் வெறும் மரம் கறுத்துக் கிடக்கும். ஆகவே எந்தப் பூச்சு நல்லது என்று கேட்பதே தவறு. கை எங்கே படும் என்று கேட்க வேண்டும். பெட்டி முழுவதற்கும் ஒரே பூச்சு என்பது சோம்பேறித்தனம்.

பழைய ஆட்டக்கூடங்களின் பெட்டிகளைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பொத்தான் பலகையின் மேல் பாலிகார்பனேட் தாள் ஒட்டினார்கள். படத்தை அந்தத் தாளின் அடிப்பக்கத்தில் அச்சிட்டார்கள். ஆடுகிறவன் கை பிளாஸ்டிக்கைத் தேய்க்குமே தவிர மையைத் தொடாது. பலகை விளிம்பில் காடி எடுத்துப் பிளாஸ்டிக் பட்டையைச் செருகினார்கள். இடிபடுவது பட்டை, பலகை தப்பிக்கும்.

வீட்டில் செய்கிறவனுக்கு அதற்குச் சமமானது நாம் சன்மைக்கா என்று அழைக்கும் லேமினேட். அது பூச்சே இல்லை. பிசினில் ஊறிய காகிதங்களை அடுக்கி, மேலே மெலமைன் வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிய தகடு. வியர்வை, தண்ணீர், காப்பி எதற்கும் அசையாது. பொத்தான் பலகைக்கு 1 மி.மீ. கனம், மேட் ரகம். பளபளப்பு ரகத்தில் ட்யூப்லைட் கண்ணில் அடிக்கும், ஒவ்வொரு கீறலும் தெரியும். பலகையின் அடிப்பக்கமும் ஒரு மலிவான தகடு ஒட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஈரக்காற்றில் பலகை வளையும். ஓட்டையைத் தகடு ஒட்டிக் காய்ந்த பிறகு, மேலிருந்து, அடியில் கட்டை கொடுத்துப் போட வேண்டும். விளிம்புக்கு மறக்காமல் பட்டை.

யாரும் கை வைக்காத பக்கவாட்டுப் பலகைகளுக்கு எனாமல் தாராளம். உப்புத்தாள், பிரைமர், இரண்டு மெல்லிய கோட், பிறகு பொறுமை. உட்புறத்தையும் பின்பலகையையும் வெறுமனே விடாதீர்கள். மழைக்கால ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும்.

சன்மைக்கா ஒட்டுவது ஆசாரி வேலையே இல்லை என்று மூக்கைச் சுளிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாட்டன் காலத்துத் தேக்கு அலமாரியின் மேல் அதை ஒட்டினால் நானே சண்டைக்கு வருவேன். அதற்கு அவலரக்குதான் மரியாதை. கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம், லேமினேட்டில் அது நடக்காது. ஆனால் இது ப்ளைவுட். இதில் காட்டுவதற்கு ரேகை அழகு என்ன இருக்கிறது?

"விளையாட்டுப் பெட்டிதானே, இதற்கு இத்தனை யோசனையா?" என்று கேட்பவர்கள்தான் எனக்குக் கோபம் மூட்டுகிறார்கள். ஆறே மாதத்தில் தோல் உரிந்தால் பூச்சைக் குறை சொல்ல மாட்டார்கள். "வீட்டில் செய்தது அப்படித்தான் இருக்கும், கடையில் வாங்கியிருக்கலாம்" என்பார்கள். அந்த ஒரு வார்த்தையில் ஒரு பையன் உளியைக் கீழே வைத்துவிடுவான். கையால் எதையாவது செய்யும் பிள்ளைகள் தெருவுக்கு ஒருவர் இருந்தால் அதிகம். அவர்களுக்கு ஓசியில் யோசனை சொல்லும்போது, பழக்கத்தில் வாயில் வருவதைச் சொல்லாமல் கொஞ்சம் யோசித்துச் சொல்வது நம் கடமை.

மறுப்பு உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம். அதற்கு முன் உங்கள் எழுதுமேசையின் முன் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்துவிடுங்கள்.