அளந்த வாய்களுக்கு ஆற்றவேண்டிய கடன்

மலையகத் தொழிலாளியின் வாயை விஞ்ஞானம் ஒருமுறை மிக நுணுக்கமாக அளந்தது. 1970ஆம் ஆண்டில் ஹறால்ட் லோ என்னும் நோர்வே நாட்டுப் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் இலங்கையின் இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரைத் தெரிந்தெடுத்துப் பதினைந்தாண்டுகள் அவர்தம் முரசு நோயின் போக்கைப் பதிவு செய்தனர். பற்சிகிச்சையையோ நோய்த்தடுப்பையோ என்றும் கண்டறியாதவர் என்பதே இத்தொழிலாளரின் 'சிறப்பு'. 1986இல் வெளிவந்த முடிவு இதுவாகும்: நூற்றுக்கு 8 பேரில் நோய் விரைவாகவும், 81 பேரில் மிதமாகவும் முன்னேறியது, 11 பேரில் மாத்திரம் அது முரசு வீக்கத்துக்கு அப்பாற் செல்லவில்லை. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர் இவ்வெண்களைப் படிக்கின்றனர். அவ்வெண்களுக்குரியோரின் பிள்ளைகளுக்கும் பேரர்க்கும் நாம் அளித்தது யாது என்பதே இங்கு எழும் வினா.

பரிகாரம் தெரியாதிருந்தது எனக் கூறுதல் இயலாது. பல்துலக்குவதை நிறுத்தினால் மூன்று வாரத்துள் முரசு வீங்கும் என்பதையும், மீண்டும் துலக்கின் வீக்கம் தணியும் என்பதையும் இதே லோ 1965இல் பன்னிருவரைக் கொண்டு நிறுவியிருந்தார். வேண்டியிருந்தது அரிய சத்திரசிகிச்சை அன்று. பற்காறையை அகற்றவும், துலக்கும் முறையைக் கற்பிக்கவும், ஐயத்துக்குரிய புண்ணைக் கண்டால் உரிய வைத்தியரிடம் அனுப்பவும் வல்ல, முறையாகப் பயின்ற ஒருவரே. அவரே பற்சுகாதாரப் பணியாளர்.

இத்தகையோரைப் பயிற்றுவது 'அரை வைத்தியரை' உருவாக்குவதாகும் என்பர் சிலர். வரலாறு இக்கூற்றுக்கு இடந்தரவில்லை. அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் நகரில் அல்பிரட் போன்ஸ் என்னும் பல் வைத்தியர் 1906இல் தம் உதவியாளரான ஐரீன் நியூமனுக்கு இத்தொழிலைக் கற்பித்தார். 1913இல் இதற்கெனப் பயிற்சிக் கூடமொன்றையும் நிறுவினார். பயின்ற பெண்கள் அந்நகரின் பாடசாலைகளுக்குச் சென்று பணியாற்றினர். பிரித்தானியாவில் 2013 முதல் நோயாளர் பல் வைத்தியரின் விதிப்பின்றியே பற்சுகாதாரப் பணியாளரை நேரடியாக நாடலாம். அத்துணைத் தூரம் செல்வானேன்? நியூசிலாந்து 1921இல் தொடங்கிய முறையைத் தழுவி, மகரகமவில் பயிற்றப்பட்ட பாடசாலைப் பற்சிகிச்சையாளர் பல தசாப்தங்களாக நம் சிறுவரின் பற்களைப் பேணி வந்துள்ளனர். அவர்களை எவரும் அரை வைத்தியர் என இகழ்வதில்லை. சிறுவனின் பற்சூத்தைக்குப் பொருந்திய நியாயம் அவன் தந்தையின் முரசுக்கு ஏன் பொருந்தாது? பாடசாலையை விட்டுக் கொழுந்து மலைக்கு ஏறியதும் வாய் மாறிவிடுகின்றதா?

பயிற்சியின் பெயரால் மலிவான சான்றிதழ்களை வழங்குக என நாம் கேட்கவில்லை. அதுவும் தொழிலாளியை ஏய்ப்பதேயாகும். உடலமைப்பு, நுண்ணுயிரியல், கிருமிநீக்கம், கதிர்ப்படம் ஆகியவற்றைக் கற்று, நோயாளரிடம் மேற்பார்வையுடன் பழகி, பரீட்சையில் தேறி, பதிவு பெற்ற பின்னரே ஒருவர் கருவியைக் கையிலெடுத்தல் வேண்டும். முரசின் கீழே செல்லும் கூரிய கருவி அறியாமையைப் பொறுக்காது. தகுதியைக் கடுமையாக்குக, வாயிலைக் குறுக்காதீர்.

வாயில் குறுகுவது மொழியினாலும் தூரத்தினாலுமே. வெற்றிலையும் புகையிலையும் மெல்லும் மூதாட்டிக்கு வாய்ப்புற்றின் முதற்குறியை விளக்க வேண்டியவர் அவளது பேச்சுத் தமிழை அறிந்தவராயிருத்தல் அவசியம். இப்பணியின் பாதி கற்பித்தலே. கற்பித்தல் மொழியின்றி நிகழாது. ஆகவே இப்பயிற்சி தமிழிலும் நடைபெறல் வேண்டும். மலையகத்திலேயே நடைபெறல் வேண்டும். தோட்டத்துப் பெண்பிள்ளைகளுக்கு அதில் உரிய இடம் வேண்டும். பேராதனையில் பல் மருத்துவ பீடத்தை வைத்திருக்கும் நாட்டுக்கு இது ஆகாத காரியமன்று.

தோட்டத் தொழிலாளி பதினைந்தாண்டுகள் வாயைத் திறந்து காட்டினான். உலகம் அறிவு பெற்றது. அவ்வறிவை அவன் மகளின் கையிற் பயிற்சியாகவும் தகுதியாகவும் திருப்பிக் கொடுப்பது தருமமன்று, கடனிறுத்தலாகும்.