வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு எதற்கு முழுச் சம்பளம்?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு பேச்சு ஓடியது. ஐடியில் இருக்கும் நம் பிள்ளை ஒருவனை இனி நிரந்தரமாக ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனி சொல்லியிருக்கிறது. ஆனால் சம்பளத்தில் 15 சதவீதம் குறையுமாம். "வாடகை இல்லை, மெஸ் செலவு இல்லை, அம்மா கைச் சாப்பாடு. குறைத்தால் குடியா முழுகிவிடும்?" என்று பெரியவர்கள் எழுதியிருந்தீர்கள். பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேரும் இதையே தனியாகக் கேட்டிருந்தார்கள். ஒத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் பதில்.

எங்கள் துறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் பணியில் சேர்ந்த இரண்டு இடைநிலை ஆசிரியர்களில் ஒருவர் சென்னையிலும் ஒருவர் சாத்தூர் பக்கத்துக் கிராமத்திலும் இருந்தாலும் அடிப்படைச் சம்பளம் ஒன்றுதான். ஊரைப் பொறுத்து மாறுவது வீட்டு வாடகைப்படி போன்ற படிகள் மட்டும். மலைப் பகுதியில் போட்டால் மலைப்படி என்று கூடுதலாகவே தருவார்கள். "உனக்குச் சொந்த வீடு இருக்கிறது, கொல்லையில் கத்திரிக்காய் காய்க்கிறது, அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்" என்று எங்களை யாரும் கேட்டதில்லை. அநியாயம் வேறு வழியில் வந்தது. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370 ரூபாய், மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. அதே வகுப்பு, அதே பாடப்புத்தகம், 3,170 ரூபாய் வித்தியாசம். சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு அந்தப் பிள்ளைகள் சென்னையில் உட்கார்ந்து போராடியதை டிவியில் பார்த்து உச்சுக் கொட்டியவர்கள் நம் குழுவிலும் உண்டு.

இப்போது கம்பெனி கணக்குக்கு வருவோம். அமெரிக்க கிளையன்ட் மணிக்கு இத்தனை டாலர் என்று கொடுக்கிறார். பெரும்பாலும் இந்தியாவுக்கு என்று ஒரே விலையாகத்தான் பேசுவார்கள். பையன் சோழிங்கநல்லூரில் உட்கார்ந்தாலும் சாத்தூரில் உட்கார்ந்தாலும் பில் மாறுவதில்லை. ஆனால் கம்பெனிக்கு இடம், ஏசி, கேப், கேன்டீன் எல்லாம் மிச்சம். இன்வெர்ட்டர், பிராட்பேண்ட், நாற்காலி, முதுகுவலி நம் வீட்டுச் செலவு. நியூயார்க்கில் காலை பத்தரைக்கு மீட்டிங் என்றால் குளிர்காலத்தில் இங்கே இரவு 9 மணி. வீட்டில்தானே இருக்கிறாய் என்று பதினொன்று வரை இழுப்பார்கள். மிச்சமும் அவர்களுக்கு, சம்பளக் குறைப்பும் அவர்களுக்கா?

இன்னொன்றும் பாருங்கள். 2010 வாக்கில் டாலர் 45 ரூபாய் பக்கம் இருந்தது. இப்போது 85-ஐத் தாண்டிவிட்டது. பெரிய சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு அப்போது ஆண்டுக்கு 3 லட்சம் சொச்சம். இன்றும் பலருக்கு மூன்றரை லட்சத்தைச் சுற்றித்தான். கிளையன்ட் பேரம் பேசுகிறார், இன்ஜினியரிங் முடித்து வேலைக்கு நிற்பவர்கள் ஏராளம் என்பதெல்லாம் உண்மைதான். அப்படியும், ரூபாய் இறங்கியதில் வந்த ஆதாயம் கீழே இருப்பவன் கைக்கு வரவில்லை என்பதைக் காண ஐந்தாம் வகுப்புக் கணக்கே போதும்.

"சார், நாம் குறைந்த சம்பளத்துக்குச் செய்வதால்தானே வேலையே இங்கே வந்தது? அடம்பிடித்தால் மணிலாவுக்குப் போய்விடாதா?" என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. வகுப்பிலும் இவர் இப்படித்தான். அமெரிக்கச் சம்பளம் கேட்கச் சொல்லி நான் எழுதவில்லை. அந்த வித்தியாசம்தான் வேலையை இங்கே கொண்டுவந்தது, தெரியும். ஆனால் நம் பிள்ளை விட்டுக்கொடுக்கும் 15 சதவீதம் கிளையன்ட் தரும் விலையைக் குறைக்கப் போவதில்லை. அவருக்கு விலை குறையாதபோது அந்தப் பணம் மணிலாவை எப்படித் தடுக்கும்? கூகுள் 2021-ல் அமெரிக்காவிலேயே இதைச் செய்தது. நிரந்தரமாக வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு ஊரைப் பொறுத்துச் சம்பளம் குறையலாம் என்றது. பெரிய கம்பெனி செய்ததால் அது நியாயமாகிவிடாது.

என் கவலை அதிகமும் பெண் பிள்ளைகளைப் பற்றியது. கைக்குழந்தை இருக்கும், மாமியாருக்கு முடியாமல் இருக்கும். வீட்டிலிருந்து வேலை கிடைத்ததே சலுகை என்று நினைத்து அவர்கள்தான் முதலில் தலையாட்டுகிறார்கள். அம்மாடி, கணக்கைப் பார். 100 ரூபாய் 85 ஆனால், மறுபடி 100 ஆக 15 சதவீத உயர்வு போதாது, பதினேழரைக்கு மேல் வேண்டும். அடுத்த கம்பெனியும் பழைய சம்பளச் சீட்டைத்தான் கேட்கும். இரண்டு வருஷத்துக்கு என்று ஒத்துக்கொண்டது பல வருஷம் கூடவே வரும்.

வேறு வழியே இல்லை என்றால் எதில் குறைக்கிறார்கள் என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் கை வைத்தால் பி.எஃப்., கிராஜுவிட்டியும் சேர்ந்து குறையும். வாடகைப்படியில் மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். திரும்ப ஆபீஸுக்குக் கூப்பிட்டால் பழையபடி தருவோம் என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம், மேனேஜர் மாறிவிடுவார். கடிதம் புரியவில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்துச் சொல்கிறேன்.