அம்மைத் தழும்பும் ஹஜ் ஊசியும்



"முன்பு உம்ரா சென்றபோதே மூளைக்காய்ச்சல் ஊசி போட்டாயிற்று, மறுபடியும் எதற்கு?" ஹஜ் காலம் நெருங்கும்போது செய்யாறிலும் எழும் கேள்வி இது. ஊசி போடாமலே சான்றிதழ் பெற இயலுமா எனக் கேட்போரும் உளர். இதற்கான விடை, நம் வீட்டுப் பெரியவர்களின் கையில் அம்மை குத்திய தழும்பாக இருக்கிறது.

பெரியம்மை இந்தியாவில் ஒழிந்ததென 1977 ஏப்ரலிலும், உலகெங்கும் ஒழிந்ததென 1980 மே மாதத்திலும் அறிவிக்கப்பட்டது. ஆயினும் அன்று பெற்ற பாதுகாப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. 25 முதல் 75 ஆண்டுகளுக்கு முன் அம்மை குத்திக்கொண்டவர்களின் இரத்தத்தை அமெரிக்காவின் ஓரிகன் ஆய்வாளர்கள் சோதித்து, 2003-இல் முடிவை வெளியிட்டனர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எதிர்ப்பாற்றல் எஞ்சியிருந்தது. இத்தகையோருக்கு மீண்டும் குத்தினால் கொப்புளம் பெரும்பாலும் சிறிதாகத் தோன்றி விரைவில் ஆறிவிடும். உடல் பழைய பகையை அடையாளம் கண்டுகொள்கிறது. சுப்ஹானல்லாஹ்!

அப்படியிருந்தும் அக்காலப் பயணிகளின் அம்மைச் சான்றிதழ் 3 ஆண்டுகளுக்கே செல்லும். ஏன்? பழைய தடுப்பூசி ஒருவரை மரணத்திலிருந்து நெடுங்காலம் காக்கலாம். ஆனால் நோய் அவரை இலேசாகத் தொற்றி, அவர் வழியே பிறரைச் சென்றடையாது என்னும் உறுதி ஆண்டுக்காண்டு குறையும். மறு ஊசி நமக்காக மட்டுமன்று, அருகில் நிற்பவருக்காகவும்தான்.

மூளைக்காய்ச்சல் ஊசியின் பாதுகாப்போ அவ்வளவு காலம் நீடிப்பதன்று. வகைக்கேற்ப 3 அல்லது 5 ஆண்டுகளுக்கே சவூதி அரசு அதனை ஏற்கிறது; சென்றடைவதற்குப் பத்து நாட்கள் முன்னதாகவே போட்டிருக்கவும் வேண்டும். 2000-ஆம் ஆண்டு, அன்றைய ஊசியில் அடங்காத ஒரு வகைக் கிருமி, ஹஜ்ஜிலிருந்து திரும்பியோர் வழியாகப் பயணமே செல்லாத அவர்தம் குடும்பத்தாரையும் தாக்கியது. அதன் பின்னரே நான்கு வகைக் கிருமிகளுக்குமான ஊசி கட்டாயமாயிற்று.

தனக்கும் பிறருக்கும் தீங்கு விளைவிக்கலாகாது என்பது நபி (ஸல்) அவர்கள் கற்பித்த நெறி. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டவும் அவர்கள் வழிகாட்டினார்கள். பொய்ச் சான்றிதழைப் பையில் வைத்துக்கொண்டு இஹ்ராம் அணிவது எவ்வகைத் தவக்குல்?

ஆகவே, இவ்வாண்டு புறப்படுவோர் பழைய சான்றிதழின் தேதியை இன்றே எடுத்துப் பாருங்கள். காலம் கடந்திருந்தால் மறு ஊசி போட்டுக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் ஹஜ்ஜையும் ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.