அட்டையில் எழுதிய பகை

1994 ஏப்ரல் முதல் சூலை வரை, ஏறத்தாழ 100 நாள்களில், ருவாண்டாவில் சுமார் 8 இலட்சம் பேர் கொல்லப்பட்டனர். அவருள் பெரும்பாலோர் டுட்சி இனத்தார். "அது ஆப்பிரிக்கரின் பழம்பகை" என்று சொல்லிக் கடந்துபோவோர் உளர். அது பொய். ஹூட்டுவும் டுட்சியும் ஒரே மொழி பேசி, ஒரே குன்றுகளில் வாழ்ந்து, தமக்குள் மணஉறவும் கொண்டவர்கள். 1930களில் பெல்சிய ஆட்சியே இனம் குறித்த அடையாள அட்டையை அவர்கள் கையில் திணித்தது. 1994இல் சாலைத் தடைகளில் கொலைஞர் கேட்டதும் இன அட்டையைத்தான்.

நம் மறைப்பணியாளர் மட்டும் குற்றமற்றவரா? அவர்களுடைய பள்ளிகள் முதலில் டுட்சியரை ஆளப் பிறந்தோராக உயர்த்தின. 1950களில் அவருள் பலர் ஹூட்டுப் பக்கம் சாய்ந்தனர். நியாங்கே ஆலயத்தில் தஞ்சம் புகுந்தோர்மீது ஆலயமே புல்டோசரால் இடித்துத் தள்ளப்பட்டது. அக்கொடுமைக்காக அப்பங்கின் குருவுக்கே ஐ.நா. தீர்ப்பாயம் 2008இல் வாழ்நாள் சிறை விதித்தது.

"தவறியவர் சிலர், திருச்சபைக்கு அதில் பங்கில்லை" என்போரே, 2017இல் திருத்தந்தை பிரான்சிஸ், உறுப்பினரின் பாவங்களுக்கு மட்டுமன்று, திருச்சபையின் பாவங்களுக்கும் இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். கொன்றோரிலும் மடிந்தோரிலும் பலர் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். அந்தத் தண்ணீரைவிட அட்டையின் மை அழுத்தமாய் இருந்தது ஏன்? காயீனிடம் ஆண்டவர் கேட்ட கேள்வி இன்று நம்மிடமும் கேட்கப்படுகிறது.