கால் தொட்டியில் வருவது விஷமா, துருவா?

1/ ராமநாதபுரம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துச் சொந்தங்களே, வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இந்த இழையைப் படிங்க. சில வெல்னஸ் சென்டர்களில் காலைத் தொட்டியில் வைக்கச் சொல்லி, தண்ணீர் பழுப்பானதும் "உடம்பு விஷம் வெளியே வந்துடுச்சு" என்பார்கள். அந்த டீடாக்ஸ் மெஷின் பற்றித்தான்.

2/ தொட்டியில் இருப்பது உப்புப் போட்ட வெதுவெதுப்பான தண்ணீர். உள்ளே உலோகத் தகடு. மின்சாரம் பாய்ந்ததும் தகடு அரிக்கும், துரு கரையும். அதுதான் அந்தப் பழுப்பு. உப்புத் தண்ணியில் இரும்பு என்ன ஆகும்னு கடற்கரைக்காரங்களுக்கு நான் சொல்லணுமா?

3/ சந்தேகமா? காலை வைக்காமலே மெஷினை ஓட்டச் சொல்லுங்க. அப்பவும் தண்ணீர் நிறம் மாறும். கனடாவில் ஓர் இயற்கை மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களே இப்படி ஒரு மெஷினைப் பரிசோதித்தார்கள். உடம்பிலிருந்து நச்சு உலோகங்கள் வெளியேறியதற்கு ஆதாரம் இல்லை என்று 2012-ல் வெளியிட்டார்கள்.

4/ "போனா பணம்தானே டாக்டர்?" இல்லைங்க. பல வருஷ சர்க்கரையில் பாதம் மரத்துப்போகும். தண்ணீர் சூடு கூடினாலும் தெரியாது. முதலில் கொப்புளம், அப்புறம் ஆறாத புண், கடைசியில் விரலையோ காலையோ எடுக்கும் நிலை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இதன் பக்கமே போகக்கூடாது. மின்கசிவு இருந்தால் தண்ணீரில் கால் வைத்த யாருக்குமே ஆபத்து.

5/ எல்லாவற்றையும் விட மோசம், "விஷம் போயிடுச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்துவது. உடம்பின் கழிவை வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும். மாத்திரையை நிறுத்தி சர்க்கரை ஏறினால் கெடுவது அந்தச் சிறுநீரகம்தான்.

6/ நோய்க்கான கருவிகள் எல்லாம் 2020 ஏப்ரல் 1 முதல் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. கேட்டால் "இது ரிலாக்ஸ் பண்ண மட்டும்" என்பார்கள். நோட்டீஸில் மட்டும் "சுகர் குணமாகும்" என்று இருக்கும். என் கருத்து இதுதான்: நோயின் பெயரைச் சொல்லி விற்றால் அது மருத்துவக் கருவி. வெல்னஸ் என்று போர்டு வைத்தால் விதிவிலக்கு கிடையாது. யாராவது புண்ணோடு வரும்வரை காத்திருக்காமல் மருந்து ஆய்வாளர்கள் இந்த சென்டர்களுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

7/ நீங்கள் செய்ய வேண்டியது: மெஷின் லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் உரிம எண்ணும் இருக்கா பாருங்க. இல்லையென்றால் எழுந்து வந்துடுங்க. சந்தேகத்துக்கு 104. சர்க்கரை மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும். தினமும் படுக்கும் முன் பாதத்தைப் பாருங்க. அந்த ஒரு நிமிஷத்துக்கு எந்த மெஷினும் ஈடாகாது.